ரிமெம்பருக்கு என்ன தமிழ்

"ரிமெம்பர்னா என்னாடி?"

கடத்தூரிலிருந்து தருமபுரி போகும் பேருந்தில் எனக்கு முன்னால் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டது அக்கா. அவள் மடியிலிருந்த பையில் துவைத்து மடித்த வேட்டி, சட்டை.

"நெனவுதாங்க்கா."

"அதான் வந்துடுச்சுன்னு நீயே போன்ல சொன்னியே. வண்டியில இருந்து விழுந்தவருக்கு நெனவு திரும்பிடுச்சு, மாமா கண்ணத் தெறந்துட்டாருன்னு. ஊட்டுக்குக் கூட்டியாறலாம்னு துணியெல்லாம் எடுத்து வெச்சிருக்கறன். அப்பறம் எதுக்கு டாக்டரு, ரிமெம்பர் பண்ணமாட்டாருன்னு சொன்னாரு? போன்ல எனக்கும் கேட்டுச்சு."

தங்கை அக்கா பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அது வேற நெனவுக்கா. கண்ணத் தெறக்கறது ஒண்ணு, ஆளு தெரியறது ஒண்ணு. இங்கிலீசுல ரெண்டுக்கும் வேற வேற வார்த்த. நாந்தான் சரியாச் சொல்லாம உட்டுட்டேன்."

"உன்னயத் தெரிஞ்சுதா?"

"தெரியல."

"ஒண்ணுமே பேசலயா?"

"பேசுனாரு. என்னயப் பாத்து, 'நீங்க யாருங்க, ஒக்காருங்க'ன்னாரு. தூக்கி வளத்த புள்ள நானு. என்னயப் போயி நீங்க வாங்கன்னாரு."

பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. அக்கா பையின் காதுகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டாள்.

"கண்ணாலம் கட்டுன நாள்லேர்ந்து 'ஏ புள்ள'ன்னுதான் கூப்புடுவாரு. சண்டைன்னா அதுவும் இல்ல, 'இவளே'ம்பாரு."

தங்கை பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கி என்னயும் வாங்கம்பாராடி?"