சிப் ஆலை வாசலில் கைதட்ட வேண்டாம்

இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் தொழில்துறை அமைச்சர் அம்மையார் அவர்களே, ஆலையின் மேலாளர் அவர்களே, வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பெரியோர்களே, இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் தாய்மார்களே, வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாத தொழிலாளத் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

வேண்டாம், தயவுசெய்து கைதட்ட வேண்டாம்! அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. காரணத்தை வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு அப்படித்தான் வரும்.

என் பின்னால் தெரிகிறதே வெள்ளைச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் ஓர் இயந்திரம் சிலிக்கான் தட்டுகளின்மேல் ஒளியால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு தலைமுடியை ஆயிரமாகப் பிளந்தால் என்ன அகலமோ, அதுதான் அந்தக் கோட்டின் அகலம். வாரக்கணக்கில் அடுக்கடுக்காக அச்சிட்டு, இன்று கடைசி அடுக்கு. மாலைக்குள் ஆய்வுக் குழுவின் கண்ணெதிரே அது பழுதின்றி முடிந்தால்தான் அரசின் ஊக்கத்தொகையில் அடுத்த பங்கு வரும். வராவிட்டால் பக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கும் இரண்டாம் கூடம் பாதியில் நிற்கும். அதை நம்பிப் பயிற்சிக்குச் சேர்ந்த உங்கள் பிள்ளைகள் வீடு திரும்ப வேண்டும்.

அதே நாளில், அதே சுவருக்கு இந்தப் பக்கம், விழா மேடை! யாருடைய யோசனை என்று நான் கேட்கப் போவதில்லை. காலையில் பேண்டு வாத்தியம் ஒத்திகை பார்த்தது. தரை அதிர்ந்தது, கோடுகள் கலங்கின. போட்ட அச்சைக் கழுவிவிட்டு மறுபடி போடுகிறார்கள். இன்னொரு முறை கழுவ நேரமில்லை.

அந்த இயந்திரத்துக்குப் பொறுப்பாளர் என் மகள். பேச்சாளர் பட்டியலில் என் பெயர் கிடையாது. அவள்தான் போன் செய்தாள்.

"அப்பா, நீங்க மேடை ஏறிப் பேசுங்க."

"எனக்குப் பேச வராதேம்மா."

"அதான்ப்பா வேணும். நீங்க பேசினா ஒருத்தரும் கைதட்ட மாட்டாங்க. உங்க பிசிக்ஸ் கிளாஸ்ல தூங்கினவ நான்."

சிரிக்கலாம். மெதுவாகச் சிரியுங்கள்.

முன்வரிசையில் ஓர் அண்ணன் கேட்கிறார்: "சார், பெரிய கம்பெனிக்கு எதுக்கு நம்ம வரிப்பணம்?" நியாயமான கேள்வி. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. முழுவதும் தீர்ந்துவிட்டது என்றால் அது பொய். ஆனால் என் மைத்துனர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். அவருடைய புது வண்டி மாதக்கணக்கில் பட்டறையில் கிடந்தது. "என்னப்பா கோளாறு?" என்று கேட்டால் மெக்கானிக் சொன்னாராம்: "கோளாறே இல்லண்ணே. வண்டி ஜம்முன்னு இருக்கு. அதோட மூளைதான் இன்னும் கப்பல்ல வருது."

நகத்தளவு சிப்! அந்த நகத்தளவுக்காக எத்தனை நாள் அடுத்தவர் வாசலில் நிற்பது? அவர்கள் கதவைச் சாத்தினால் எந்த வாசலுக்குப் போவது? இங்கேயே செய்யலாம் என்றால், தொடக்கத்தில் தட்டுக்குத் தட்டு பழுதாகும். பழுதாகிப் பழுதாகித்தான் கை பழகும். அதுவரை எந்த வங்கி காத்திருக்கும்? எந்த முதலாளி காத்திருப்பார்? காத்திருக்கக் கூடியது அரசு ஒன்றுதான். என் சிற்றறிவுக்கு எட்டியவரை, ஊக்கத்தொகை என்பது நாம் எல்லோரும் சேர்ந்து பொறுத்திருப்பதற்கு வைத்த பெயர்.

மன்னியுங்கள். மகளிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. அப்படியே படிக்கிறேன். "அப்பா, இன்னும் அதிருது. கைதட்டல் இல்ல, ஒரே சீரா அதிருது. மெஷின நிறுத்தி வச்சிருக்கோம்."

ஒரே சீராக. நீங்கள் இத்தனை பேரும் அசையாமல் இருக்கிறீர்கள். பிறகு எது அதிர்கிறது?

மைக்செட் தம்பி மேடைக்குப் பின்னால் கை காட்டுகிறார். ஜெனரேட்டர் லாரி. சுவரை ஒட்டியே நிறுத்தியிருக்கிறார்கள். "அத நிறுத்தினா மைக் செத்துரும் சார்" என்கிறார். அமைச்சர் இன்னும் பேசவில்லை. விழாக் குழுச் செயலாளர் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். "உக்காருங்க சார், அம்மா பேசாம விழாவா?" நான் நகரவில்லை. நகர்ந்தால் பலகை வழியாக அந்த அதிர்வும் உள்ளே போய்ச் சேரும்.

அமைச்சர் அவர்களே, நான் சொல்வது தவறென்றால் பொறுத்தருளுங்கள். நிலம் தந்தீர்கள். நீர் தந்தீர்கள். நிதி தந்தீர்கள். எந்தக் கோப்பிலும் இல்லாத ஒன்றை இப்போது கேட்கிறேன். உங்கள் பேச்சைத் தாருங்கள்! இந்த ஆலைக்கு இந்த நிமிடம் வேண்டிய ஊக்கம், உங்கள் கையிலிருக்கும் அந்தத் தாள்களை நீங்கள் மடித்து வைப்பதுதான்.

எழுந்து வருகிறார். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். "ரெண்டு நாளா உக்காந்து எழுதினேன் சார்" என்கிறார். செயலாளரைப் பார்க்கிறார். மடிக்கிறார். மடித்துவிட்டார். "லாரிய ஆஃப் பண்ணச் சொல்லுங்க" என்கிறார்.

நன்றி அம்மா. உங்களுக்கும், இவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. போகும்போது நாற்காலியை இழுக்காதீர்கள், தூக்கி வையுங்கள். வண்டிகளைத் தள்ளிக்கொண்டே வாசலைத் தாண்டுங்கள். உள்ளே என் மகள் இயந்திரத்தைத் தொடங்கக் காத்திருக்கிறாள். என் குரல் இன்னும் சில நொடிகள்தான் உங்களை எட்டும். அதற்குள் வணக்கம் சொல்லிவிடுகிறேன்.

வணக்கம். தம்பி, அணையுங்கள்.