வெண்டல் சேர்த்த ஸ்கூட்டர்கள்

காபி நன்றாக இருக்கிறது. போலீஸ் நிலையத்துக் காபியை எல்லோரும் குறை சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வக்கீல் என்னை வாயைத் திறக்க வேண்டாம் என்றார். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

இங்கே மினசோட்டாவில் எழுபதுகளில் வளர்ந்த யாருக்கும் அந்த ஸ்கூட்டரைத் தெரியும். மோட்டார் சைக்கிள் கம்பெனி பிள்ளைகளுக்காகச் செய்தது. எஞ்சின் கிடையாது. பலகைமேல் நின்று பின்னாலிருக்கும் மிதியைக் காலால் அழுத்தினால் சங்கிலி இழுத்துச் சக்கரம் ஓடும். சில வருஷங்களில் நிறுத்திவிட்டார்கள். பெரும்பாலானவை துருப்பிடித்துக் குப்பைக்குப் போயின. மிஞ்சியதைத் தேடித் தேடி என் சிநேகிதன் வெண்டலும் நானும் சேர்த்தோம். என் வீடு சின்னது, எல்லாம் அவனுடைய களஞ்சியத்தில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து துடைப்போம். ஊரில் எங்களைச் சேர்த்துப் பேசினார்கள். பேசட்டும்.

போன இலையுதிர் காலத்தில் அவனுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவன் வேறு ஆள். சிவப்பு ஸ்கூட்டரைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓட்டக் கொடுத்தான். பெயின்ட் உரிந்து வந்தது. அவன் சிரித்தான்.

ஜனவரியில் ஒரு மத்தியானம், களஞ்சியத்துப் பரணிலிருந்து பெட்டிகளை இறக்க உதவிக்குக் கூப்பிட்டான். அவன் மகள் ஜோலீன் பள்ளிக்கூட டீச்சர்.

"எல்லாத்தயும் ஜோலீன் ஸ்கூலுக்குக் குடுத்துடப் போறேன், ஆர்டிஸ். பசங்க ஓட்டட்டும்."

"பெட்டியே பிரிக்காததயுமா?"

"அதத்தான் மொதல்ல பிரிக்கணும். அம்பது வருஷமா உள்ளயே கெடக்கு, பாவம்."

"அதுல பாதி என்னோடது, வெண்டல்."

"நீ ஒண்ணுலயாவது ஏறி ஓட்டியிருக்கியா? தொடைக்க மட்டும்தானே தாயே உனக்குத் தெரியும்."

கிண்டல்தான். எனக்குக் கோபம் வரவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏணியிலிருந்து விழுந்ததும் அவனால் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பெலும்பு முறிந்திருக்க வேண்டும்.

"ஆர்டிஸ், ஆணியில என் கோட்டு மாட்டியிருக்கு பாரு. ஃபோன் அதுலதான் இருக்கு. எடுத்துக் குடும்மா."

கொஞ்சம் பொறு என்றேன். கதவு திறந்திருந்தது. பனி உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. அட்டைப் பெட்டி நனைந்தால் ஊறிப்போகும். களஞ்சியத்தில் இருந்தது ஒரே ஒரு கம்பளி. அதைப் பெட்டிமேல் போர்த்தினேன்.

"நான் இங்க கெடக்கேனே" என்றான். அவனுக்கும் கோபமில்லை. புரியவில்லை, அவ்வளவுதான்.

ஸ்கூட்டர்களை ஒவ்வொன்றாக என் வேனில் ஏற்றினேன். ஒன்றோடொன்று உரசாமல் அடுக்க வேண்டும், அவசரப்படக் கூடாத வேலை. உள்ளே வரும்போதெல்லாம் ஏதாவது சொன்னான். முதலில் என் பெயர். பிறகு குளிருகிறது என்றான். பிறகு ஜோலீனைக் கூப்பிட்டான். கடைசியாக வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. சிவப்பு ஸ்கூட்டருக்கு அணை கொடுக்கத் துணி போதவில்லை. ஆணியிலிருந்த அவன் கோட்டை எடுத்துச் சுற்றினேன். களஞ்சியத்தைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

வழியில் கோட்டுக்குள் ஃபோன் அடித்தது. வண்டி ஓட்டும்போது நான் ஃபோன் எடுப்பதில்லை. அதுவும் பனியில்.

வயதான பெண், அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று வாதாடலாம், ஜூரி இரக்கப்படும் என்கிறார் வக்கீல். அந்த இரக்கம் எனக்கு வேண்டாம். என் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. ஏணி வழுக்கவில்லை. கடைசிப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு அவன் இறங்கத் தொடங்கினான். பெட்டியைப் பத்திரமாகக் கீழே வைத்தேன். பிறகு ஏணியைப் பிடித்து இழுத்தேன். இன்னொரு முறை அப்படி நேர்ந்தாலும் இழுப்பேன்.

ஜோலீன் என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாளாம். பாவம், சின்னப் பெண். நீங்களாவது அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவள் அப்பா உயிராக நினைத்துச் சேர்த்தவற்றில் ஒன்றின்மேல்கூட நான் கீறல் விழ விடவில்லை.