ஃப்ரீஸரில் ஒரு எலும்புப் பை

ஹலோ... அக்கா, நான்தான். மெதுவா பேசு, என் வீட்டுக்காரி உள்ளே தூங்குறா... ஜுரம் இறங்கிடுச்சு. தொண்டைதான் இன்னும் சரியாகலை... இல்லை, பேசலை. படுத்ததுல இருந்து ஒரு வார்த்தை இல்லை. தொண்டை கட்டினதால பேசலையா, என்மேல இருக்கிற கோவத்துல பேசலையான்னு யாருக்குத் தெரியும்? டாக்டர் சொன்னா வாயைத் திறக்குறா. என்னைப் பார்த்தா மூடிக்கிறா.

ஆமா... ஆமா, அந்த எலும்புப் பைதான். சாப்பிட்ட கோழியில மிஞ்சின எலும்பையெல்லாம் ஃப்ரீஸர்ல சேர்த்து வெச்சிருந்தா. ஐஸ் எடுக்கப் போனா தொடை எலும்பு வந்து கால்மேல விழுது. இது வீடா குப்பைத்தொட்டியா, நாளைக்கே தூக்கிப் போடுறேன்னு கத்திட்டேன்... சரி, தப்புதான். அதுக்குத்தான் இன்னைக்கு லாண்டரிக் கடையை மூடிட்டு, அதே எலும்புல சூப்பு வெச்சுக்கிட்டிருக்கேன். இதைக் குடிச்சாவது என்கிட்ட பேசுவாளான்னு...

ம்... போட்டாச்சு. வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகு எல்லாம்... காலையிலேயே அடுப்புல ஏத்திட்டேன்... நுரையா? லாண்டரிக்காரன்கிட்டயே நுரையைப் பத்திச் சொல்றியா நீ? வர வர கரண்டியால எடுத்துப் போட்டாச்சு... நல்ல பொன் நிறம். வாசனைக்குப் பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னல்ல வந்து உக்காந்திருக்கு.

யாரு சிரிக்கிறது? மாமாவா? ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா?... நல்லா இருக்கு போ.

சரி, அடுத்து?... வடிகட்டணும். இரு, போனைத் தோள்ல இடுக்கிக்கிறேன்... அப்பா, ஆவி அடிக்குது... ம், சாய்ச்சாச்சு... ஆமா ஆமா, ஒரு சொட்டு விடாம. உதறிக்கூட எடுத்துட்டேன். எலும்பு பளபளன்னு இருக்கு அக்கா, நீ பார்க்கணுமே.

என்னது?... கீழேயா? கீழே என்ன வெக்கணும்?... பாத்திரமா?... இல்லையே... ஸிங்க்லதான்...

அக்கா... கத்தாதே, அவ எழுந்துடப் போறா.

ஐயோ, வேணும்னே ஊத்துவேனா? கொதிக்கிற தொட்டியில இருந்து வருஷக்கணக்கா துணியை எடுத்துக்கிட்டுத் தண்ணியைக் கீழே ஊத்துற கை. அது பாட்டுக்கு ஊத்திடுச்சு... தெரியுது, அந்தத் தண்ணிதான் சூப்புன்னு இப்போ தெரியுது... இதே எலும்பை இன்னொரு தடவை கொதிக்க வெச்சா?... ஒண்ணுமே இருக்காதா?... கடையில வாங்கிட்டு வந்தா ஒரே வாய்ல கண்டுபிடிச்சிடுவா. மாமாவைக் கொஞ்சம் சிரிக்காம இருக்கச் சொல்லு. பூனைகூட எந்திரிச்சுப் போயிடுச்சு. போச்சு. இனிமே இந்த ஜென்மத்துல அவ என்கிட்ட பேச மாட்டா.

இரு... இரு அக்கா. கதவு திறக்குது.

எழுந்துட்டியாம்மா? ஒண்ணுமில்லை, அக்காகிட்டதான்... நீ போய்ப் படுத்துக்கோ, நான் கொண்டு வந்து...

அக்கா, ஸிங்க்கைப் பார்க்குறா... வடிகட்டியைப் பார்க்குறா... இப்போ என்னைப் பார்க்குறா. புரிஞ்சிடுச்சு அவளுக்கு.

ஃப்ரீஸரைத் திறக்குறா. அடியில கையை விடுறா. பட்டாணிப் பாக்கெட்டுக்குக் கீழே... அக்கா, இன்னொரு பை. அதே கோழி எலும்பு. நான் தூக்கிப் போட்டுடுவேன்னு பாதியை எனக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சிருக்கா... ஆமா, கெட்டிக்காரிதான். நான் எப்போ இல்லைன்னு சொன்னேன்?

பெரிய பாத்திரம் ஒண்ணை எடுத்து வடிகட்டிக்குக் கீழே வெச்சுக் காட்டுறா... ம், எனக்குத்தான் காட்டுறா... முதுகு குலுங்குது. அழுறாளா சிரிக்கிறாளா தெரியலை...

அக்கா. பேசிட்டா... சத்தியமா. தொண்டை கரகரன்னுதான் இருக்கு, ஆனா பேசிட்டா... என்ன சொன்னாளா?

முதல்ல அந்தப் போனை வைன்னு சொல்றா. வெச்சிடுறேன்.