ஓடைச் சரிவில் ஒரு கொடி

களை பிடுங்குவது உடம்புக்கு நல்லது, சார். இந்த வயதிலும் எனக்கு முழங்கால் வலி கிடையாது. கலிஃபோர்னியாவின் இந்த வறண்ட புதர்மலையில் எங்கள் தாவரச் சங்கம் சனிக்கிழமைதோறும் அதைத்தான் செய்கிறது. மண்ணுக்குரியதைத் தொடமாட்டோம், வெளியிலிருந்து வந்த களை என்றால் பார்த்த இடத்திலேயே பிடுங்கிவிடுவோம். அது நான் போட்ட விதி.

டுவேன் என்னோடு பல வருடம் களை பிடுங்கியவன். தங்கமான மனுஷன், தன் சாண்ட்விச்சில் பாதியை எனக்குப் பிய்த்துக் கொடுப்பான். பூதக்கண்ணாடியை மட்டும் கழுத்திலிருந்து கழற்றவே மாட்டான்.

போன மாதம் ஓடைச் சரிவில் எருக்கு இனத்துக் கொடி ஒன்றைக் கண்டேன். இந்த மலையில் இனி இல்லை என்று சங்கமே கைவிட்ட கொடி. வீடு வரை பாடிக்கொண்டே காரை ஓட்டினேன். என் கணவர் போன பிறகு எனக்கு அப்படியொரு சந்தோஷம் வந்ததில்லை. ஆனால் இன்னொரு உறுப்பினரும் நேரில் பார்த்து ஆமாம் என்றால்தான் சங்கத்தில் செல்லும். அதற்காக டுவேனைக் கூட்டிப்போனேன்.

செங்குத்தான இடம். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, அவன் எட்டிக் குனிந்தான்.

"லோர்னா, இது சும்மா வயக்காட்டுக் களைக்கொடி. புனல் மாதிரி வெள்ளையா பூக்குமே, அது."

"இலையைக் கிள்ளிப் பாரு, பால் வருது."

"இதுக்கும்தான் பால் வரும். உன் கொடின்னா இலை ஜோடி ஜோடியா எதிரெதிரா இருக்கும். இது ஒண்ணு விட்டு ஒண்ணு. கண்ணாடி போடாமயா பாத்தே?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்புக்கெல்லாம் எனக்குக் கோபம் வரவில்லை. வேரில் கை வைத்தான். வேண்டாம் என்றேன்.

"களைன்னா பிடுங்கணும். நீ போட்ட விதிதானே, தாயே?"

ஒன்றை விட்டால்தான் இன்னொன்று பிழைக்கும் என்று இருந்தது. அவன் மணிக்கட்டை விட்டேன். நல்லவேளை, விழும்போது அவன் கொடியை விட்டுவிட்டான். கீழிருந்து கொஞ்ச நேரம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என்னிடமிருந்த தண்ணீரைக் கொடியின் வேரில் ஊற்றிவிட்டு இறங்கினேன்.

உங்கள் போலீஸ்காரர்கள் சரிவில் எடுத்த படத்தில் அந்தக் கொடியில் புனல் மாதிரி வெள்ளைப் பூ இருக்கிறது, உண்மைதான். என் கொடிக்கு இளஞ்சிவப்பில் நட்சத்திரம் நட்சத்திரமாகக் கொத்துப் பூ வரும். இந்த வருடம் மழை போதவில்லை, சார். அடுத்த வருடம் சரியாகப் பூக்கும்.