ஒரு கை பாக்கி

அக்கா: மூச்சை இழுத்துப் பிடிக்காதடி. இப்படி அளவெடுத்தா, அங்க போய் நீ மூச்சு விட்டதும் பட்டன் எகிறி ஆபீசர் மூக்குல அடிக்கும்.

தங்கை: அப்படியாவது என்னை ஞாபகம் வச்சுக்கட்டும்.

அக்கா: கையைத் தூக்கு... அந்தக் கை இல்ல, கோட்டுல கை இருக்கிற கை.

தங்கை: அக்கா, மணி ஒன்பதரை. பதினோரு மணிக்கு இன்டர்வியூ. இன்னொரு கையை எப்போ தைக்கப் போற?

அக்கா: நேத்தே தச்சுட்டேன். முன்பக்கம் பின்பக்கமாப் போயிடுச்சு. போட்டுப் பார்த்தா எவனோ என்னைப் பிடிச்சுக் கையை முறுக்கற மாதிரி இருந்துச்சு. காலையில எந்திரிச்சு மறுபடி பிரிச்சேன்.

தங்கை: போன மாசம் மாமாவோட பழைய பேன்ட்டுல ஒரு பாவாடை தச்சியே...

அக்கா: பாவாடைன்னு நான்தான் சொன்னேன். வேற யாரும் ஒத்துக்கல. ஒரு காலுதான் உள்ள போச்சு. இப்போ அதுல குடை வச்சிருக்கோம்.

தங்கை: படுக்கை விரிப்புல தச்ச சட்டை?

அக்கா: அதைப் போட்டுட்டு சோபாவுல சாஞ்சிருந்தேன். உங்க மாமா வந்து என் மேல துவைச்ச துணியைக் கொட்டிட்டுப் போனாரு. சும்மா சிரிக்காத, ஊசி குத்தும்.

தங்கை: குத்திடுச்சு.

அக்கா: சொன்னேன்ல.

தங்கை: உள்ள என்னக்கா, பூப்பூவாத் தெரியுது?

அக்கா: என் பழைய நைட்டி. பழைய லைனிங் நார்நாராக் கிழிஞ்சிருந்துச்சு, எடுத்துட்டு இதை வச்சுத் தச்சேன். தொட்டுப் பாரு, எவ்வளவு மெத்துன்னு இருக்கு. பன்னெண்டு வருஷம் துவைச்சது.

தங்கை: வெளியில ஆபீசரம்மா, உள்ள நைட்டி. எனக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு.

அக்கா: அதை யாரு பார்க்கப் போறா? நீயா திறந்து காட்டாம இருந்தா சரி.

தங்கை: பதட்டத்துல அதையும் செய்வேன். ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம்ல ஃபைல் அடுக்கிற வேலை, அதுக்கே ராத்திரியெல்லாம் தூங்கல.

அக்கா: மூணு மாசம் கம்ப்யூட்டர் கிளாஸ் போனேல்ல?

தங்கை: போனேன். முதல் நாள் உள்ள நுழைஞ்சதும் மொத்தக் கிளாஸும் எந்திரிச்சு நின்னுச்சு. டீச்சர்னு நினைச்சுட்டாங்க. நானும் பதிலுக்கு வணக்கம் சொல்லிட்டுக் கடைசி பெஞ்சுல போய் உக்காந்தேன்.

அக்கா: சரி, இப்போ நான்தான் ஆபீசர். கேக்கறேன், ஒழுங்காப் பதில் சொல்லு. ஏம்மா, பதினோரு வருஷமா வேலைக்கே போகலையே, என்ன பண்ணிட்டு இருந்தீங்க?

தங்கை: ஒரு கோட்டுக்கு இஸ்திரி போட்டுட்டு இருந்தேன் சார்.

அக்கா: ஏய்...

தங்கை: பொய்யா சொல்றேன்? இதே கோட்டுதான். காலர்ல ஈரத்துணி போட்டு, தோளுக்குள்ள துண்டைச் சுருட்டி வச்சு... ஆபீஸ் கூட்டம்னா இது, விருந்துன்னா இது. என்னைவிட இதைத்தான் மனுஷன் நாலு இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு.

அக்கா: போகும்போது மட்டும் ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போயிட்டாரு.

தங்கை: ரெண்டு பேருக்கும் மடிப்புக் கலையாமதான் இருந்துச்சு.

அக்கா: அவரை விடு. கோர்ட்டுல விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டு எட்டு மாசம் ஆச்சு. கையை நீட்டு, இதை மாட்டிப் பார்க்கலாம்... மெதுவா. நூலு இன்னும் அறுக்கல.

தங்கை: தோள் சரியா உக்காருதே. அவருக்கு இது எவ்வளவு அகலமா நிக்கும்.

அக்கா: எல்லாம் பஞ்சு. உள்ள இந்தப் பக்கம் ஒரு கைப்பிடி, அந்தப் பக்கம் ஒரு கைப்பிடின்னு டெய்லர் வச்சுத் தச்சிருந்தான். எடுத்துப் போட்டேன். இத்தனை வருஷம் அவரோட தோளுன்னுல்ல நினைச்சேன்.

தங்கை: நானும்தான்.

அக்கா: முதுகுல ரெண்டு டக் பிடிச்சிருக்கேன். பட்டன் மட்டும் ஆம்பளைங்க பக்கமாவே இருக்கு. காஜா ஓட்டையை அடைச்சு மாத்தணும்னா சாயங்காலம் ஆயிடும்.

தங்கை: இருக்கட்டும். யாராவது கேட்டா இடக்கைப் பழக்கம்னு சொல்லிக்கறேன். கத்தரிக்கோல் எங்க?

அக்கா: நீ தொடாத, நான் அறுக்கறேன்... ம். ஆச்சு. போய்க் கண்ணாடியைப் பாரு.

தங்கை: எங்க, தள்ளு, பார்க்கலாம்.

அக்கா: இடது தோள் கொஞ்சம் தூக்கிட்டு இருக்கு, தெரியும். வேணும்னா ஊசி குத்தி இறக்கி...

தங்கை: இல்லக்கா, விடு. எதைக் கேட்டாலும் 'அதுக்கென்ன இப்போ'ன்னு சொல்ற மாதிரி நிக்குது. நல்லா இருக்கு. எனக்குத்தான் அது வராது, கோட்டாவது சொல்லட்டும்.

அக்கா: அழுதுடாத. மை கலையும்.

தங்கை: அழல. நைட்டி வாசனை, உன் வாசனை அடிக்குது.

அக்கா: பையை எடுத்துக்கோ. சர்டிஃபிகேட் எல்லாம் இருக்கா? ... நில்லு, ஒரு நிமிஷம். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

தங்கை: எங்கயாவது தைக்க மறந்துட்டியா?

அக்கா: அதில்ல. நீ போயிட்டு வந்ததும் சொல்லலாம்னு பார்த்தேன். ரெண்டு நாளா சோறு இறங்கல. நல்ல இடத்துக்குப் போறப்ப மனசுல வச்சுக்கிட்டு அனுப்பக்கூடாது... அவர் இங்க வந்திருந்தாரு.

தங்கை: யாரு?

அக்கா: கோட்டுக்காரர்தான். வியாழக்கிழமை. வாசல்ல நின்னுக்கிட்டு, 'அண்ணி, என் கோட்டு இங்க இருக்காமே'ன்னாரு. அவருக்கு... நீ கோச்சுக்காத... அடுத்த வாரம் கல்யாணமாம். அதுக்கு இதைத்தான் போட்டுக்கணுமாம். ராசியான கோட்டாம்.

தங்கை: என்னைக் கட்டினப்பவும் இதைத்தான் போட்டிருந்தாரு. ராசியை நான் பார்த்தேன்.

அக்கா: நீதான் புதன்கிழமை கொண்டுவந்து, இப்பவே வெட்டுன்னு பக்கத்துலயே நின்னியே. வெட்டிப் போட்டாச்சு. அவர்கிட்ட எலி கடிச்சிடுச்சுன்னு சொல்லிட்டேன்.

தங்கை: நம்பினாரா?

அக்கா: எப்படி நம்புவாரு? எனக்குப் பின்னாடியே மேஜையில ஒரு கை கெடந்துச்சு, சாக்பீஸ் கோடு போட்டு. எந்த எலி கோடு போட்டுக் கடிக்கும்?

தங்கை: என்ன சொன்னாரு?

அக்கா: உள்ள வந்தாரு. அந்தக் கையை எடுத்துப் பார்த்தாரு. அப்புறம் ரெண்டா மடிச்சு அங்கேயே வச்சுட்டுப் போயிட்டாரு. திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்... உனக்குத் தெரிஞ்சா 'பாவம், எப்படியாவது ஒட்டித் தச்சுக் கொடுத்துடு'ன்னு சொல்லிடுவியோன்னு மறைச்சேன். உன் மனசு எனக்குத் தெரியாதா?

தங்கை: ரெண்டா மடிச்சா வச்சாரு?

அக்கா: ஆமா. தப்புப் பண்ணிட்டேனா? இங்க இருக்குன்னு அவருக்கு யார் சொல்லியிருப்பான்னுதான் எனக்குப் புரியல.

தங்கை: செவ்வாய்க்கிழமையே எனக்குப் போன் பண்ணிட்டாருக்கா. 'அக்கா வீட்டுல இருக்கு, வியாழக்கிழமை போய் வாங்கிக்கோங்க'ன்னு சொன்னேன்... போனை வச்ச பிறகுதான் பீரோவைத் திறந்து, கோட்டை எடுத்து, உன் வீட்டுக்குக் கொண்டுவர்ற பையில வச்சேன்.