கண்ணுக்குத் தெரியாத குரல்

கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் மனநலக் கேள்வித்தாள் கட்டு.

“அந்த எஸ்டேட்ல ஒருத்தர் பாக்கியில்லாம அத்தனை பேருக்கும் மனநோய்னு வருதுங்க்கா.”

“என்ன புள்ள சொல்ற?” என்றார் மூத்தவர்.

“‘கண்ணுக்கு ஆள் தெரியாதபோது குரல் கேட்கிறதா?’ன்னு ஒரு கேள்வி. இங்கிலீஷ்ல இருந்து தமிழாக்குனது. கொழுந்து பறிக்கறவங்க எல்லாருமே ‘தினமும் கேக்குதுங்க’ன்னுட்டாங்க. புரியாம நேத்து நானே அவங்களோட தேயிலைக்குள்ள போனேன். மிஸ்ட் எறங்குச்சு பாருங்க, நீட்டுன கையே தெரியலை. மேல இருந்து ஒரு குரல், ‘பாறைகிட்ட காட்டுமாடு நிக்குது, வராதீங்க’ன்னு. கீழ இருந்து ‘சரி, சரி’ன்னு நாலஞ்சு குரல். ஒரு ஆளையும் காணோம். அந்தக் குரலைப் புடிச்சுட்டே எறங்கி ரோட்டுக்கு வந்து சேந்தேன்.”

மூத்தவர் கேள்வித்தாளை வாங்கி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாருமே தெரியாம வெறும் குரல் மட்டும் கேட்டா பயமா இருந்திருக்குமே?”

“இல்லீங்க்கா. நடுவுல கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசலை. அப்பத்தான் நடுங்கிப் போயிட்டேன்.”