எட்டு நாள் நீல டிக்

— வந்து உட்கார்ந்து இருபது நிமிஷம் ஆச்சு லுகித்தோ. சிலிவுங் ஆத்துல தண்ணி ஏறினதைச் சொல்லிட்ட, உங்க அம்மா மூட்டுவலியைச் சொல்லிட்ட, லிஃப்ட்ல நாத்தம் அடிக்குதுன்னும் சொல்லிட்ட. இனிமேலாவது விஷயத்துக்கு வா.

— பெருசா ஒண்ணுமில்ல தியூர் அக்கா. செராபி எடுத்துக்குங்க. சோலோவிலேருந்து அத்தை குடுத்தனுப்பினது. தேங்காய்ப்பால் தூக்கலா இருக்கும்.

— சோலோக்காரன் பலகாரப் பெட்டியோட வந்தா எவன் குடியோ முழுகப் போகுதுன்னு அர்த்தம். போன தடவை நீ பெட்டி கொண்டுவந்த அன்னைக்குத்தான் சர்வர் மூணு நாள் படுத்துக்கிச்சு.

— நாலு நாள், அக்கா.

— திருத்தறதுல மட்டும் குறைச்சல் இல்ல. கேட்டுக்க. ரெண்டு மணிக்கு சிங்கப்பூர்லேருந்து பணம் போடறவங்க வர்றாங்க. நம்ம முதலாளி பாக் சுபக்தியோ பட்டிக் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில தொங்க விட்டிருக்கார். அவங்களுக்குப் பிடிச்சாத்தான் நம்ம கபார் மெசேஜ் ஆப் அடுத்த மாசம் போன்லயும் கம்ப்யூட்டர்லயும் ஓடும். இல்லன்னா நாம எல்லாரும் வேற வேலை தேடணும். நான் பரிசோதிச்சு, எல்லாம் சரின்னு கையெழுத்தும் போட்டாச்சு. இப்ப வந்து மென்னு முழுங்காதே.

— அந்தக் கையெழுத்துல ஒரு சின்ன இடம்... தப்பா எடுத்துக்காதீங்க. நீல டிக் இருக்குல்ல? எதிராளி படிச்சதும் விழறது.

— அதுதான் கபாரோட உயிர்னு பாக் போற இடமெல்லாம் தம்பட்டம் அடிக்கிறாரே. இனி எவனும் "பார்க்கலையே"ன்னு பொய் சொல்ல முடியாதாம்.

— அது எதிராளி படிச்சதும் விழறது இல்ல, அக்கா.

— பின்ன?

— அதுவா விழும். அனுப்பின பத்து நிமிஷத்துலேருந்து அரை மணிக்குள்ள. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நேரமா வெச்சிருக்கேன். பார்க்க நிஜம் மாதிரி இருக்கட்டும்னு.

— அடப்பாவி. பொய்க்குப் பவுடர் வேற போட்டு விட்டிருக்கியா?

— நிஜ டிக் போட்டா சர்வர் தாங்கல. மூணு தடவை போட்டுப் பார்த்தேன். மார்ச் மாசக் கூட்டத்துல பாக் எல்லார் முன்னாடியும் கேட்டார், லெபரான் பெருநாளுக்குள்ள முடிஞ்சிருமான்னு. பெரிய மனுஷர். முகத்துக்கு நேரா முடியாதுன்னு எப்படிச் சொல்றது? ஆகட்டும் பாக்னு சொன்னேன்.

— அதானே. எங்க பாத்தாக் ஊர்ல முடியாதுன்னா முடியாதுன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லுவோம். அடுத்த தெருவுக்கே கேட்கும். வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு.

— நான் சொன்ன விதத்துக்கு, ஜாவாக்காரர் யாரா இருந்தாலும் முடியாதுன்னு விளங்கியிருக்கும் அக்கா. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, மெதுவா, இழுத்துத்தான் சொன்னேன். அவரும் எங்க ஜாவாவுல ஜோக்ஜாக்காரர்தானே. பத்து வருஷம் அமெரிக்காவுல இருந்துட்டு வந்தவர்ங்கறதை மறந்துட்டேன்.

— பாவம் அந்த ஆளு. நீ தலையாட்டினதை வேலைன்னு நினைச்சு பேப்பர்ல பேட்டி வேற குடுத்துட்டார். அது சரி, நான் எப்படிக் கோட்டை விட்டேன்? நூத்திப் பன்னெண்டு தடவை அனுப்பிப் பார்த்தேனே.

— நம்ம ஆபீஸ் ஆளுங்களுக்குத்தானே அனுப்பினீங்க. நீங்க அனுப்பினா அவங்க எல்லாரும் பத்து நிமிஷத்துக்குள்ள எப்படியும் படிச்சிருவாங்க. உங்க மேல அவ்வளவு மரியாதை.

— பயம்னு சொல்லு, பரவால்ல. சரி, பாக்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா? நான் சொன்னா ஒரு நிமிஷம். நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள அவர் ரிட்டயர் ஆயிடுவார்.

— நான் பாக் விஷயமா வரல, அக்கா.

— இதுக்கு மேலயும் ஒரு விஷயமா?

— மாருலி அண்ணன் எப்படி இருக்கார்?

— அந்தப் பேரை எடுக்காதே. உனக்குத் தெரியாத கதையா? ஆளுக்குப் பத்து சொந்தக்காரங்களைக் கபார்ல சேர்க்கணும்னு பாக் உத்தரவு போட்டப்போ, கட்டிக்கப் போறவனாச்சேன்னு முதல் ஆளா அவனைத்தான் சேர்த்தேன். எட்டு நாளைக்கு முன்னால பஞ்சார்மாசின்லேருந்து நிலக்கரிக் கப்பல்ல கிளம்பினான். டிசம்பர் பதினாலு சர்ச் காலியா இருக்கு, பேர் குடுத்துடவான்னு கேட்டேன். ஒரு வரிக் கேள்வி. பதில் இல்ல. திரும்பக் கேட்டேன். அஞ்சு தடவை. அஞ்சுக்கும் நீல டிக் விழுந்துச்சு, வாயைத் திறக்கல துரை. நடுக்கடல்ல சிக்னல் ஏதுடின்னு அம்மாகூடக் கேட்டாங்க. நான்தான் பெரிய அறிவாளி மாதிரி, எங்க டிக் பொய் சொல்லாதும்மான்னு...

— இன்னொரு செராபி...

— பெட்டியை மூடு. அவன் படிக்கலையா?

— காலைல சர்வர்ல பார்த்தேன். அவர் போன் எட்டு நாளா தொடர்புக்கே வரல. அஞ்சு செய்தியும் இங்கேயேதான் கிடக்கு. நேத்து நீங்க அனுப்பின ஆறாவதும்.

— ஆறாவது. ஐயோ கடவுளே.

— உள்ளே என்னன்னு நான் பார்க்கல. நீளமா இருக்குன்னு மட்டும் தெரிஞ்சுது.

— நீளம்தான். இனி உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்லன்னு எழுதினேன். உங்க வீட்ல நிச்சயத்துக்கு எனக்குப் போர்த்தின உலோஸ் துணியைத் திருப்பி அனுப்பிடறேன்னு எழுதினேன். அதோட நிறுத்தியிருக்கலாம். அவங்க அம்மா வைக்கிற மீன் குழம்பைப் பத்தி நாலு வரி எழுதினேன்.

— அவர் அம்மா பிள்ளைன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க.

— ஞாபகம் நல்லா வெச்சிருக்க. எட்டு நாளா நான் இதே நாற்காலியில உட்கார்ந்து அழுதேன். நீ எதிர்ல உட்கார்ந்து டிஷ்யூ எடுத்து எடுத்துக் குடுத்த. அப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி.

— தினமும் சொல்லணும்னுதான் வந்தேன் அக்கா. அழற மனுஷிகிட்ட எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறது?

— பன்னெண்டரைக்கு அவன் கப்பல் சிரெபோன் துறைமுகத்துக்கு வருது, சிக்னல் கிடைச்சதும் அந்த ஆறாவது அவன் போன்ல போய் விழும். இப்ப பன்னெண்டு பத்து. சர்வர்லேருந்து அதைத் தூக்கி எறி.

— பதினோரு மணிக்கே சர்வரைப் பூட்டிட்டாங்க. சிங்கப்பூர்க்காரங்க கிளம்பற வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு பாக் உத்தரவு. நான்கூட உள்ளே போக முடியாது.

— லுகித்தோ, எனக்கு அவனை விட மனசில்ல. ஆத்திரத்துல எழுதித் தொலைச்சேன். கட்டினா அவனைத்தான் கட்டணும். இரு, இரு. "எல்லாருக்கும் அழி"ன்னு ஒண்ணு இருக்கே, மறந்தே போச்சு. இதோ அமுக்கிட்டேன். பாரு, "இருவரிடமும் அழிக்கப்பட்டது"ன்னு வந்துடுச்சு. அப்பாடா, இப்பத்தான் உயிர் வந்துச்சு. இதையாவது ஒழுங்கா பண்ணி வெச்சிருக்கியே, நல்லா இருப்ப. என்னப்பா, ஜன்னலையே பார்த்துக்கிட்டிருக்க?

— மழை வரும் போல இருக்கு, அக்கா.

— லுகித்தோ. இந்த அழிக்கிற வசதி வேணும்னு பாக் கேட்டப்போ, நீ அவர்கிட்ட என்ன சொன்ன?

— ஆகட்டும் பாக்னு சொன்னேன்.